13 ஆண்டுப் பழைய இணைய விளையாட்டுக்குப் புதிய எஞ்சின் தேவையா?

ஈசூன் வில்லாளன்:

வணக்கம். நானும் என் நண்பர்களும் விளையாடும் இணையப் பாத்திர விளையாட்டு வெளிவந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தின் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையிலான சச்சரவாக மாறிவிடும். கேட்க வந்த விஷயம் அடிபட்டுப் போகும்.

எங்கள் கில்டில் (ஒன்றாக விளையாடும் குழுவில்) இருப்பவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரர்கள். ஜொகூர் பாருவிலிருந்தும் சிலர் உண்டு. விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலான பழைய எஞ்சினைக் கைவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கூட்டு விண்ணப்பம் அனுப்ப எல்லாரும் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அடுக்கும் குறைகள் எல்லாம் எஞ்சினால் வருபவைதாமா, அப்படியே இருந்தாலும் அதை முழுதாக மாற்றுவதுதான் தீர்வா என்பதை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுவதே முறை என்று நினைக்கிறேன்.

முதல் குறை கூட்டத்தைப் பற்றியது. பெரிய அசுரனை வீழ்த்த 70, 80 பேர் ஓரிடத்தில் கூடும்போது ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, 20க்கு இறங்கிவிடுகிறது. கணினி பழையது என்று சொல்லிவிட முடியாது. எங்களில் ஒருவர் அண்மையில் வாங்கிய கணினியில், திரையின் தெளிவை 1440இலிருந்து 1080க்குக் குறைத்துப் பார்த்தோம். ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை. அந்த நேரத்தில் கிராஃபிக்ஸ் கார்டு மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்துகொண்டிருந்தது; பிராசசரில் ஒரே ஒரு கோர் (கணக்கிடும் அலகு) மட்டும் உச்சத்தில் நின்றது.

இரண்டாவது, மூன்று அணிகள் மோதும் களத்தில் ஒரு திறனை அழுத்தினால் அது செயல்பட ஒரு விநாடிவரை ஆகிறது. சர்வர் அமெரிக்காவில் மட்டுமே இருப்பதால் சாதாரண நேரத்திலேயே பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லி விநாடிக்கு மேல்தான் இருக்கும். ஆனால் களத்தில் வருவது அதைவிட மிக நீண்ட தாமதம்.

மூன்றாவது, தமிழ். உரையாடல் பெட்டியில் 'போகலாம்' என்று தட்டச்சு செய்தால், பகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. எங்கள் கில்டில் வயதில் மூத்த இருவர் தமிழில் மட்டுமே எழுத விரும்புபவர்கள். அவர்கள் எழுதுவதை மற்றவர்கள் ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு புதிய விரிவாக்கத்திலும் வரும் நிலப்பரப்பும் கதையும் குறைந்துகொண்டே வருகின்றன. ஏன் என்று கேட்டால், பழைய எஞ்சினில் அதற்குமேல் முடியவில்லை என்ற பொருள்படும் விடையே நிறுவனத்திடமிருந்து வருகிறது.

விளையாட்டுத் துறையில் பணிபுரிபவர்களும், எஞ்சின் மாறிய வேறு விளையாட்டுகளில் இருந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பொங்கோல் நிரலர்:

ஒன்-நார்த் வட்டாரத்தில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ரெண்டரிங் (திரையில் படம் வரையும்) பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் குறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்த சோதனையே பாதி விடையைத் தந்துவிட்டது.

திரையின் தெளிவைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டு வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காக்க வைப்பது மெயின் த்ரெட், அதாவது விளையாட்டின் முக்கிய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சரடு. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் சர்வரிலிருந்து வந்த செய்திகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொருவர் எங்கே நிற்கிறார், எந்தத் திறனைப் பயன்படுத்துகிறார் என்று கணக்கிட வேண்டும். அவர்களின் எலும்புக்கூட்டை அசைக்க வேண்டும். தலைக்கு மேலே பெயரை எழுத வேண்டும். பிறகுதான் வரையச் சொல்லி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். தலைக்கவசம், தோள், மார்பு, கையுறை, கால், காலணி, ஆயுதம் என்று ஒருவரின் உடை தனித்தனித் துண்டுகளாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் அவர் தனிச்சாயம் பூசியிருந்தால், ஓர் ஆளுக்கே பத்துக் கட்டளை ஆகிவிடும். நிழலுக்கு மறுபடியும் ஒரு சுற்று. 80 பேருக்கு 1,600 கட்டளைகள், இன்னும் தரையும் மரமும் அசுரனும் கணக்கில் வரவில்லை.

விளையாட்டு கிராஃபிக்ஸ் கார்டோடு பேசப் பயன்படும் மென்பொருளான டைரக்ட்எக்ஸின் 9ஆம் பதிப்பு வெளிவந்தது 2002 டிசம்பரில். வீட்டுக் கணினியில் ஒரே கோர் இருந்த காலம் அது. ஆகவே அதன்மேல் கட்டப்பட்ட விளையாட்டுகள் இந்தக் கட்டளைகளையெல்லாம் ஒரே த்ரெட்டிலிருந்து அனுப்பும்படி அமைந்தன. டைரக்ட்எக்ஸ் 12, அதே வேலையைச் செய்யும் வல்கன் ஆகியவற்றில் பல த்ரெட்டுகள் சேர்ந்து கட்டளைகளைத் தயாரிக்க முடியும். உங்கள் விளையாட்டு இன்னும் பழைய முறையில்தான் வரைகிறது என்றால் மாற்ற வேண்டியது அந்த அடுக்கை.

இதை விளையாட்டை நிறுத்தாமலேயே செய்திருக்கிறார்கள். கில்ட் வார்ஸ் 2 வெளிவந்தது 2012 ஆகஸ்டில். அதன் எஞ்சின் 2005இல் வந்த முதல் கில்ட் வார்ஸின் எஞ்சினிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. அதுவும் டைரக்ட்எக்ஸ் 9இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2021 செப்டம்பரில் டைரக்ட்எக்ஸ் 11ஐச் சோதனைக்குத் திறந்துவிட்டு, பிறகு அதையே வழக்கமான முறையாக்கினார்கள். விளையாட்டு அப்படியே இருந்தது, வரையும் அடுக்கு மாறியது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டும் அப்படித்தான்: 2004இல் வந்த அந்த விளையாட்டு 2018இல் டைரக்ட்எக்ஸ் 12க்கு வழி செய்தது. அடுத்த ஆண்டு அவர்கள் விளையாட்டின் பழைய வடிவத்தைத் திரும்பத் தரும் கிளாசிக் பதிப்பை வெளியிட்டபோது பழைய நிரலைத் தூசு தட்டி எடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 1.12 பதிப்பின் தரவுகளை மாற்றியமைத்து, இன்றைய நிரலுக்குள் ஏற்றினார்கள். அந்த அளவுக்கு உள்ளே இருந்த பாகங்கள் ஒவ்வொன்றாகப் புதிதாகிவிட்டிருந்தன, அதற்குள் எந்த நாளிலும் "புதிய எஞ்சின்" என்று யாரும் அறிவிக்கவில்லை.

குடியிருப்பாளர்கள் வீட்டிலேயே இருக்க, பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி மாற்றியமைத்தார்களே, அந்த வகை வேலை இது. மெதுவாக நடக்கும், இரைச்சலாக இருக்கும், ஆனால் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரையும் அடுக்கை மாற்றினால் வரைவது மட்டுமே வேகமாகும். 20 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 50 மில்லி விநாடி. அதில் 35 மில்லி விநாடி ஆட்ட விதிகளைக் கணக்கிடுவதில் போகிறது, அதை ஒரே த்ரெட்டில்தான் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 15ஐ எத்தனை கோர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாலும், அது பூச்சியமே ஆனாலும், உங்களுக்குக் கிடைப்பது 28 ஃபிரேம். ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, கூட்ட நேரத்தில் ஒரு ஃபிரேமின் நேரம் எந்தெந்த வேலைக்குச் செலவாகிறது என்பதை. அவர்களிடம் அந்த அளவீடு இருக்கும். இல்லாமல் எந்த நிரலரும் இந்த வேலையைத் தொடமாட்டார்.


ஜூரோங் அன்பரசி:

பொங்கோல் நிரலர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் அவர் விளையாட்டைத் திரையின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். நான் களம் வடிவமைப்பவள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் புதிய எஞ்சின் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்றே சொல்வேன், அதுவும் உங்கள் நான்காவது குறைக்காக.

விளையாடுபவர்கள் பார்ப்பது எஞ்சினின் ஒரு பாதியை. மற்றப் பாதி உருவாக்குபவர்களின் கருவிகள். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு கதவை இரண்டு அடி தள்ளி வைக்க வேண்டுமானால், முழு நிலப்பரப்பையும் திறக்க வேண்டும். அதை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திறக்கலாம். கதவை நகர்த்திச் சேமித்த பிறகு, ஒளியையும் நடைபாதைத் தரவையும் மறுபடி கணக்கிடுவதற்கு மதியம்வரை காத்திருக்க வேண்டும். வந்து பார்த்தால் ஒரு பாத்திரம் புதிய கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி முதலிலிருந்து. அங்கே யாரும் சோம்பேறிகள் அல்லர், திறமைக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு நாளில் ஒருவரால் செய்து பார்க்க முடிந்த மாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விரிவாக்கங்கள் மெலிந்துகொண்டே வருவதன் காரணங்களில் இது ஒன்று என்று எனக்கு உறுதியாகத் தெரியும். டைரக்ட்எக்ஸ் 12 இதைத் தொடவே தொடாது.

ஆள்சேர்ப்பும் அதோடு சேர்ந்தது. இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும் இளையர்கள் யூனிட்டி, அன்ரியல் என்ற, எல்லாரும் பயன்படுத்தும் எஞ்சின்களைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஒரு நிறுவனம் தனக்கென்று எழுதிக்கொண்ட எஞ்சினை அவர்கள் வேலைக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். பழகுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். அதை எழுதியவர்களோ ஒவ்வொருவராக வேறு இடங்களுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஹேலோ விளையாட்டை உருவாக்குபவர்கள் 2024 அக்டோபரில் தங்கள் சொந்த ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினை விட்டு அன்ரியல் 5க்குப் போவதாக அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இவையும் அடங்கும்.

முழு மாற்றம் ஒரு விளையாட்டைக் காப்பாற்றிய கதையும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14 முதலில் 2010 செப்டம்பரில் வெளிவந்து படுதோல்வி அடைந்தது. படம் அழகாக இருக்க வேண்டும் என்பதிலேயே கவனம் போனதால், ஒரு பூந்தொட்டிக்கு ஒரு வீரரின் உருவத்துக்குச் சமமான பலகோணங்களைச் செலவழித்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிடா புதிய தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றார். பழைய விளையாட்டைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே, அதற்குப் பக்கத்தில் புதிய எஞ்சினில் புதிய விளையாட்டை எழுதினார்கள். 2012 நவம்பர் 11 அன்று பழைய சர்வர்களை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் மறுபிறவி எடுத்து வந்தது. விளையாடியவர்களின் பாத்திரங்கள் புதிய உலகத்துக்கும் வந்து சேர்ந்தன. இன்றுவரை அது நடந்துகொண்டிருக்கிறது. பாகம் பாகமாகச் சரிசெய்துகொண்டு போயிருந்தால் அந்த விளையாட்டு பிழைத்திருக்காது.

எனவே கோரிக்கையைக் கைவிடச் சொல்லாதீர்கள். அதை எதற்காகக் கேட்கிறோம் என்பதைத்தான் தெளிவாக்க வேண்டும்.


பொங்கோல் நிரலர்:

அன்பரசி அவர்கள் கருவிகளைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் காட்டிய இரண்டு சான்றுகளும் வில்லாளன் நண்பரின் நிலைமைக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். ஹேலோவின் மாற்றம் இனி வரப்போகும் விளையாட்டுகளுக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேலோ இன்ஃபினிட்டை அவர்கள் பெயர்த்து எடுத்துப் புதிய எஞ்சினில் வைக்கவில்லை. ஃபைனல் ஃபேன்டசி 14க்கோ, மாற்ற வேண்டிய நேரத்தில் இருந்தது இரண்டு ஆண்டுச் சரக்குதான். வில்லாளன் நண்பரின் விளையாட்டில் 13 ஆண்டுச் சரக்கு இருக்கிறது: ஆயிரக்கணக்கான உடைகள், திறன்கள், கதைப் பணிகள், ஒவ்வொன்றும் பழைய எஞ்சினின் ஏதோ ஒரு பழக்கத்தை நம்பி எழுதப்பட்டவை.

அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் முதுகுப்பையே சாட்சி. தொடக்கத்திலிருந்து அதில் 16 இடங்கள். கூட்டித் தாருங்கள் என்று ஆட்டக்காரர்கள் பல்லாண்டு கேட்டார்கள். அந்த 16 நிரலின் அடித்தளத்திலேயே பதிந்துபோயிருந்ததால் அது எளிதாக முடியவில்லை. 2018இல்தான் நான்கு இடங்கள் கூடின, அதுவும் கணக்குப் பாதுகாப்பை வலுப்படுத்திக்கொண்டவர்களுக்கு மட்டும். ஒரு பைக்கே இந்த நிலை.

இன்னொன்று. 2013இல் புதிதாக வந்த ஃபைனல் ஃபேன்டசி 14இன் எஞ்சினும் வயதாகத்தான் செய்தது. பிளேஸ்டேஷன் 3க்காகச் செய்துகொண்ட சுருக்கங்கள் 2017இல் அந்தச் சாதனத்தைக் கைவிடும்வரை அவர்களைக் கட்டிப்போட்டன. 2024இல் டான்டிரெயில் விரிவாக்கத்தோடு ஒளி, தோல், துணி எல்லாவற்றையும் மெருகேற்றியபோது எஞ்சினை மாற்றவில்லை, இருப்பதையே பாகம் பாகமாகப் புதுப்பித்தார்கள். முழு மாற்றத்தால் பிழைத்த அதே குழு, விளையாட்டு நிலைபெற்ற பிறகு இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது.


அங் மோ கியோ செழியன்:

நான் நெட்வொர்க் துறையில் இருக்கிறேன். இதுவரை யாரும் இரண்டாவது குறையைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அதில் இரண்டு தாமதங்கள் கலந்திருக்கின்றன. சாதாரண நேரத்தில் இருப்பது தூரத்தால் வருவது. சிங்கப்பூருக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14,100 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 141 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 170க்கு மேல்தான் ஆகும். சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் 200ஐத் தாண்டிவிடும். எந்த எஞ்சினாலும் இதில் ஒரு மில்லி விநாடியைக்கூடக் குறைக்க முடியாது. சர்வர் அருகில் வந்தால்தான் குறையும்.

களத்தில் வரும் ஒரு விநாடித் தாமதம் வேறு. அது சர்வர் மூச்சுத் திணறுவதால் வருகிறது. ஒருவர் செய்வதை அருகில் இருக்கும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பதால், ஆட்கள் இரட்டித்தால் செய்திகள் நான்கு மடங்காகின்றன. ஈவ் ஆன்லைனில் இது வெளிப்படையாகவே தெரியும். 2003இல் வந்த அந்த விளையாட்டில் ஒரு சூரியக் குடும்பத்தில் நடக்கும் சண்டையின் கணக்கு முழுவதும் ஒரே கோரில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் மோதினால் சர்வர் தடுமாறும். அதற்கு அவர்கள் கண்ட வழி, நேரத்தையே மெதுவாக்குவது. சுமை ஏறினால் ஆட்டத்தின் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வேகம்வரை இறங்கும். எல்லாருக்கும் ஒரே அளவில் இறங்குவதால் யாருக்கும் அநீதி இல்லை. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போர் 21 மணி நேரம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் கிராஃபிக்ஸைப் பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள், ஆனால் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சர்வர் பக்கத்தில்தான் தேட வேண்டியிருந்தது. உங்கள் விண்ணப்பத்தைப் படித்து நிறுவனம் நாளையே அன்ரியல் 5க்கு மாறினாலும், அழகான ஒளியில் அதே ஒரு விநாடிதான் காத்திருப்பீர்கள்.

எனக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. பல ஆண்டு ஆடியவர்களின் விரல்கள் ஓர் எஞ்சினின் குறைகளையும் சேர்த்தே பழகியிருக்கும். ரன்ஸ்கேப்பில் சர்வர் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கிடும்; அந்த இடைவெளியைத் துல்லியமாகப் பிடித்து ஆடுவதே அங்கே ஒரு கலையாக வளர்ந்துவிட்டது. 2016இல் ஜாவாவில் இருந்த பழைய கிளையண்டுக்கு (நம் கணினியில் ஓடும் பகுதிக்கு) பதிலாக சி பிளஸ் பிளஸில் எழுதிய புதிய கிளையண்டைக் கொண்டுவந்தபோதும் அந்த 0.6 விநாடியை விட்டுவைத்தார்கள். வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஒரு படி மேலே போனார்கள்: 2004 காலத்து சர்வர் சில மந்திரங்களை 400 மில்லி விநாடிக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்கிட்டது என்பதற்காக, நவீன நிரலில் அந்தத் தாமதத்தை 2019இல் வேண்டுமென்றே திரும்பச் சேர்த்தார்கள். 2021இல் அடுத்த கட்டம் வந்தபோதுதான் அதை 10 மில்லி விநாடியாகக் குறைத்தார்கள்.

மாறாக, கவுண்டர்-ஸ்டிரைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த குளோபல் ஆஃபென்சிவ் 2023 செப்டம்பர் 27 அன்று சோர்ஸ் 2 எஞ்சினில் எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பாக மாறியது. வாங்கிய அலங்காரப் பொருள்கள் எல்லாம் பத்திரமாக வந்தன. ஆனால் மேக் கணினிக்காரர்கள் வெளியே நின்றார்கள். டேஞ்சர் ஸோன் ஆட்டமுறை வரவே இல்லை. ஆர்ம்ஸ் ரேஸ் என்ற இன்னோர் ஆட்டமுறை 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. நகர்வும் சுடுதலும் முன்புபோல் இல்லை என்ற குரல் நெடுநாள் கேட்டது. விளையாட்டுத் துறையின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று, ஒப்புநோக்கச் சிறிய ஒரு விளையாட்டை மாற்றியபோது நிகழ்ந்தவை இவை. உங்கள் கில்டில் பழைய மடிக்கணினியில் ஆடுபவர்கள் இருந்தால், கையெழுத்து வாங்கும் முன் அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.


உட்லண்ட்ஸ் எழுத்தாணி:

தமிழ்ப் பிரச்சினைக்கு மட்டும் விடை.

யூனிகோடில் 'போ' என்பது பகரமும் அதைத் தொடர்ந்து ஓகாரக் குறியும் ஆகும். அதைத் திரையில் காட்டும்போது குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துக் கோப்பு (ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் ஷேப்பிங்) என்ற தனி வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் எழுதப்பட்ட பழைய நிரல்கள் அதைச் செய்யாமல், வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துவிடுகின்றன. ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரலகம் இந்த வேலையைச் செய்து தரும். இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் தமிழ் சரியாகத் தெரிவது அதனால்தான். உரையாடல் பெட்டியில் எழுத்தை வரையும் பகுதியோடு அதை இணைப்பது அளவான வேலை. எஞ்சினின் மற்றப் பகுதிகளைத் தொட வேண்டியதில்லை.

புதிய எஞ்சின் வந்தால் தமிழ் தானாகச் சரியாகும் என்றும் எண்ண வேண்டாம். அன்ரியலில் இந்த வசதி உண்டு. கோடோ எஞ்சினில் 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து உண்டு. யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்திவந்த டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற எழுத்து வரையும் பகுதியில் இல்லை. அதில் தமிழைக் காட்ட விரும்புபவர்கள் எழுத்துகளை முன்கூட்டியே இடம் மாற்றி அனுப்பும் குறுக்கு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே விண்ணப்பத்தில் இதைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள், அதோடு தவறாகத் தெரியும் சொற்களின் திரைப்பிடிப்பையும், அவை எப்படித் தெரிய வேண்டும் என்ற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலருக்கு அதுதான் உதவும். தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் இதே திருத்தம் பயன்படும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் கோரிக்கையின் எடை கூடும்.


ஈசூன் வில்லாளன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கில்டில் உள்ளவர்களுக்கு இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். 'எஞ்சினை மாற்றுங்கள்' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, கூட்டத்தில் ஃபிரேம் நேரம் எங்கே செலவாகிறது என்ற அளவீட்டை வெளியிட்டு வரையும் அடுக்கைப் புதுப்பிக்க வேண்டும், மூன்று அணிக் களத்தின் சர்வர் சுமையைத் தனியாகக் கவனிக்க வேண்டும், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் நால்வர் இருக்கிறார்கள். டைரக்ட்எக்ஸ் 11ஐ ஆதரிக்கும் எந்தக் கணினியையும் கைவிடக் கூடாது என்ற வாசகத்தை அவர்களே எழுதித் தந்தார்கள்.

செழியன் அவர்களிடம் ஒரு கேள்வி. சிங்கப்பூரில் சர்வர் வைக்கச் சொல்லிக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவருமா? இந்த வட்டாரத்தில் ஆடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு.


அங் மோ கியோ செழியன்:

இயந்திரம் கிடைப்பது தடையே அல்ல. அமேசானின் மேகக் கணினி மையம் 2010இலிருந்தும் கூகலின் மையம் 2017இலிருந்தும் இங்கே இருக்கின்றன. தடை வேறு இடத்தில். தனி சர்வர் என்று பிரித்துவிட்டால் சந்தையும் கில்டுகளும் பிரியும். அசுரனை வீழ்த்த 80 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 12 பேர்தான் நிற்பீர்கள். அப்படி ஆளில்லாமல் வாடிய ஆசிய சர்வர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

கேட்கக்கூடியது இன்னொன்று: கணக்கும் சந்தையும் அமெரிக்காவிலேயே இருக்கட்டும், ஒரு சண்டைக்கென்று தற்காலிகமாகத் திறக்கப்படும் களத்தை மட்டும், அதில் சேருபவர்களில் பெரும்பாலோர் ஆசியாவில் இருந்தால், இங்கே திறக்க முடியுமா என்று கேளுங்கள். களங்கள் தனித்தனியாகத் திறந்து மூடப்படும் விளையாட்டு என்றால் இது செய்யத்தக்கது. அமெரிக்க நண்பர் ஒருவர் உங்களோடு சேர்ந்தால் அவருக்குத்தான் அந்த நேரத்தில் பிங் ஏறும் என்பதையும் ஒப்புக்கொண்டே கேட்க வேண்டும்.


ஜூரோங் அன்பரசி:

திருத்திய வாசகத்தில் நானும் கையெழுத்திடுகிறேன், ஆனால் நான்காவது குறை அதில் விடுபட்டுப் போயிருக்கிறது. முழு எஞ்சினைக் கேட்காவிட்டாலும் கருவிகளைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விரிவாக்கத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் நீங்கள். கடந்த விரிவாக்கத்தில் திட்டமிட்டுக் கைவிட்ட பகுதிகளில் எவை கருவிகளின் போதாமையால் கைவிடப்பட்டவை, களம் வடிவமைக்கும் கருவியில் ஒரே நிலப்பரப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிகிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதை மட்டும் தனியாக மாற்றிக் கட்டுவது எப்படி என்று துறை மாநாடுகளில் பல குழுக்கள் விளக்கியிருக்கின்றன. விண்ணப்பத்தின் பின்னிணைப்பாக அதை நானே எழுதித் தருகிறேன்.